லே அரண்மனை: வீடு ஒரு கரையில், சாமான் மறு கரையில்

சனிக்கிழமை

டெல்லியில் விடிவதற்குள் விமானம் ஏறி, காலை ஏழரைக்கெல்லாம் லடாக்கின் லேயில் இறங்கிவிட்டோம். செப்டம்பர் பிற்பாதி. வெயில் சுள்ளென்று அடிக்கிறது, நிழலுக்குள் கால் வைத்தால் குளிர் பிடிக்கிறது. இறங்கியதுமே ஒலிபெருக்கியில் எச்சரிக்கிறார்கள்: முதல் நாள் முழுக்க ஓய்வெடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், உயரமான இடங்களுக்கு உடனே கிளம்பாதீர்கள். ஊர் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோர ஊரில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் இங்கே கிடைக்கும்.

கூட வந்திருப்பவர் என் சித்தப்பா. திருச்சியில் பொதுப்பணித் துறையில் கட்டட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும் சுவரைத் தட்டிப் பார்ப்பார், தளத்தை அண்ணாந்து பார்ப்பார். கோயிலுக்குப் போனால் சாமியைக் கும்பிடும் முன்னால் உத்திரத்தைத்தான் கும்பிடுவார் என்று சித்தி சொல்வதுண்டு. லடாக் என்றால் எல்லோரும் பாங்கோங் ஏரி, கர்துங் லா கணவாய் என்றுதான் திட்டம் போடுவார்கள். எங்களுக்கு இந்த முறை அதெல்லாம் வேண்டாம். அரண்மனைகளைப் பார்க்க வேண்டும், அவற்றைக் கட்டிய ராஜாக்களின் கதை தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

தங்கும் விடுதி சங்ஸ்பாவில். மொட்டை மாடியிலிருந்து அரண்மனை நேராகத் தெரிகிறது. பழுப்பு மலை, அதே பழுப்பில் ஒன்பது அடுக்கு. எது பாறை, எது சுவர் என்று சட்டென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சன்னல்கள்தான் காட்டிக்கொடுக்கின்றன.

மற்றபடி இன்று சொல்ல ஒன்றுமில்லை. பூண்டு சூப், லேசான தலைவலி, தூக்கம், மறுபடி பூண்டு சூப்.

ஞாயிறு

மெல்ல நடந்து மெயின் பஜார் வரை போய் வந்தோம். பஜாரில் வண்டி விடுவதில்லை. நடைபாதை ஓரத்தில் லடாக்கிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து டர்னிப், முட்டைக்கோஸ், கீரை, உள்ளூர் ஆப்பிள், உலர்ந்த ஆப்ரிகாட் விற்கிறார்கள். விலை கேட்டால் முதலில் "ஜூலே" என்கிறார்கள். வணக்கத்துக்கும் நன்றிக்கும் போய் வருகிறேன் என்பதற்கும் அந்த ஒரு வார்த்தைதான். சித்தப்பா அரை மணி நேரத்தில் அதைப் பிடித்துக்கொண்டு தெருநாய்களுக்கும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பஜார் முடிகிற இடத்தில் ஜும்மா மசூதி. அதற்குப் பின்னால், தலைக்கு மேலே அரண்மனை. பௌத்த ராஜாவின் வாசற்படியில் மசூதி வந்தது எப்படி? 1666-67இல், லடாக் ராஜா தெல்தன் நம்கியால் காலத்தில், அவுரங்கசீப்புடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி கட்டியது. ஆனால் அரண்மனைக்கும் இஸ்லாத்துக்கும் உள்ள உறவு அதற்கும் முந்தியது. அது ஒரு கல்யாணக் கதை.

தெல்தனின் தாத்தா ஜம்யாங் நம்கியால். பல்திஸ்தானின் மீது படையெடுக்கப் போய்த் தோற்று, அங்கே ஸ்கர்துவை ஆண்ட முஸ்லிம் மன்னர் அலி மீரிடம் சிறைப்பட்டார். லே, அதைச் சுற்றியிருந்த மடங்கள் எல்லாம் சூறையாடப்பட்டன. அப்புறம் என்ன நடந்ததோ, அலி மீர் தன் மகள் கியால் காத்தூனை அவருக்கே கட்டிக்கொடுத்து, ராஜ்ஜியத்தையும் திருப்பிக் கொடுத்து அனுப்பினார். அவள் வயிற்றில் பிறக்கும் பிள்ளைதான் பட்டத்துக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆற்றிலிருந்து ஒரு சிங்கம் துள்ளி எழுந்து மகளின் உடலுக்குள் புகுவதாக அலி மீர் கனவு கண்டார் என்று லடாக்கின் அரச வரலாற்றேடு எழுதுகிறது. பிறந்த பிள்ளைக்குச் செங்கே என்று பெயர். சிங்கம்தான்.

அந்தச் செங்கே நம்கியால்தான் நாளை நாங்கள் பார்க்கப்போகும் அரண்மனையைக் கட்டியவர். முஸ்லிம் தாய்க்குப் பிறந்து, லடாக் கண்ட பௌத்த ராஜாக்களிலேயே பெரிய ராஜாவானவர். தக்த்சங் ரஸ்பா என்கிற லாமாவைக் குருவாகக் கொண்டு ஹெமிஸ், ஹன்லே மடங்களை எழுப்பியதும் அவர்தான். கியால் காத்தூன் வெள்ளைத் தாரா என்கிற பௌத்தப் பெண் தெய்வத்தின் அவதாரம் என்று பௌத்தர்கள் சொல்லிக்கொண்டார்கள். அரசியல் தெரிந்த ஜனங்கள்.

மசூதிக்குப் பக்கத்துச் சந்தில் தந்தூர் ரொட்டிக் கடைகள். சூடான ரொட்டியை ஊதி ஊதித் தின்றுகொண்டே திரும்பினோம்.

திங்கள்

அரண்மனைக்குக் கார் போகும் சாலை இருக்கிறது. பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடும். அப்படிப் போகாதீர்கள். மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை, பழைய ஊருக்குள் நடந்து ஏறுங்கள். அரண்மனையும் அடிவாரத்து ஊரும் ஒரே கட்டடம் என்பது நடந்தால்தான் புரியும்.

ரொட்டிக் கடைச் சந்தில் நுழைந்தால் தெரு உடனே குறுகிவிடுகிறது. சில இடங்களில் தெருவின் மேலேயே வீடு. கீழே நாம் குனிந்து போகிற வழி, மேலே யாருடைய அடுப்படியோ. இரு பக்கமும் கல் அடித்தளம், அதன் மேல் பச்சைச் செங்கல். சுடாத செங்கலைத்தான் சொல்கிறேன். மண்ணை மிதித்து, அச்சில் அடித்து, வெயிலில் காயவைத்தது. நடுநடுவே ஸ்தூபி வாசல்கள்: மேலே ஸ்தூபி, அடியில் ஆள் நுழைகிற வழி. பாதி வீடுகளில் ஆள் இருக்கிறது. பாதி பூட்டிக் கிடக்கிறது. சில கூரை விழுந்து, உள்ளே குப்பை.

அரண்மனைக்குச் சற்றுக் கீழே இரண்டு பெரிய வீடுகளைச் சீர்செய்து கலை மையம் நடத்துகிறார்கள். லாமோ என்று பெயர். அதில் ஒன்று முன்ஷியின் வீடு, ராஜாவின் கணக்கையும் கடிதத்தையும் எழுதியவருடையது. ராஜாவுக்கு எவ்வளவு வேண்டப்பட்டவரோ அவ்வளவு மேட்டில் வீடு என்பதுதான் பழைய லேயின் வழக்கம். முன்ஷி வீடு அரண்மனையின் நிழல் விழுகிற தூரத்தில் இருக்கிறது. உள்ளே போய் அதன் மாடச் சன்னலில் உட்கார்ந்தோம். ரப்சல் என்கிறார்கள். சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் மரச்சட்டச் சன்னல், மூன்று பக்கமும் வெயில் வரும். குளிர்கால அறை தெற்கே பார்த்து, சின்னதாக, தாழ்வாக இருக்கிறது. "இந்த ஊர்க் கொத்தனுக்கு வெயில்தான் சிமெண்டு" என்றார் சித்தப்பா.

அங்கிருந்து பத்து நிமிட ஏற்றம். பத்து நிமிடத்துக்கு நாங்கள் உட்கார்ந்த இடங்களை எண்ணவில்லை.

சிங்க வாசல் முதலில் வருகிறது. செதுக்கிய மரத்தூண்கள், அடுக்கடுக்காக நீளும் மரப்பலகைகள், உச்சியில் சிங்கத் தலைகள். வண்ணம் மங்கிவிட்டது, செதுக்கு மங்கவில்லை. வாசல் ஆடம்பரமாக இருக்கிறதே என்று உள்ளே காலை வைத்தால் கும்மிருட்டு. கீழ்த் தளங்கள் ராஜா வாழ்வதற்கு அல்ல. குதிரை, தீவனம், தானியம், விறகு. சன்னல் கிடையாது. படி ஏற ஏறச் சுவர் மெலிகிறது, வெளிச்சம் கூடுகிறது. மேல் தளங்களுக்கு வந்த பிறகுதான் சன்னல், மாடம், முற்றம். அடியில் கல், மேலே பச்சைச் செங்கல். வெளிச்சுவர் முழுவதும் உள்பக்கம் சாய்ந்தே எழும்புகிறது. நிலம் அதிர்ந்தால் பிளந்து விழாமல் இருக்கச் சுவருக்கு நடுவே மரக்கட்டைகளைப் படுக்கவைத்துக் கட்டியிருக்கிறார்கள். சித்தப்பா அந்தக் கட்டை ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நிலைவாசல்கள் எல்லாம் குட்டை, வாசற்படிக் கட்டையோ உயரம். தலையைக் குனிந்து காலைத் தூக்கினால்தான் அடுத்த அறை. ஒன்பது அடுக்கு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சரிவில் கட்டியதால் எந்த அடுக்கில் நிற்கிறோம் என்று உள்ளே தெரியாது. ஒரு பக்கம் நாலாவது மாடி, மறுபக்கம் கதவைத் திறந்தால் தரை.

அறைகள் காலி. இதை முன்பே சொல்லிவிடுகிறேன். மைசூர் அரண்மனையைப் போல சிம்மாசனம், சரவிளக்கு, கண்ணாடி மாளிகை என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் அரை மணியில் வெளியே வந்து "ஒண்ணுமே இல்லை" என்பார்கள். எங்களுக்கு முன்னால் போன ஒரு குடும்பம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தது. தொல்லியல் துறை பழுது பார்த்துக்கொண்டே இருக்கிறது. சில அறைகளில் புகைப்படங்கள் மாட்டியிருக்கிறார்கள். சில இடங்களில் புதுக் கட்டை, புது மண்பூச்சு. புதுப்பூச்சு கொஞ்சம் மழமழவென்று இருக்கிறது, பழைய சுவரில் கை ரேகை தெரிகிறது. எனக்குப் பழையதுதான் பிடித்தது. ஆனால் அது பார்க்க வந்தவளின் ருசி. நிற்க வைப்பவர்களின் கவலை வேறு.

காலி இல்லாத ஒரே இடம் துக்கர் கோயில். அரண்மனைக்குள்ளேயே ஒரு மாடியில் இருக்கிறது. வெளிச்சத்திலிருந்து நுழைந்ததும் ஒன்றும் தெரியவில்லை. வெண்ணெய் விளக்கின் வாசனைதான் முதலில். கண் பழகப் பழக ஆயிரம் கை அம்மன் ஒவ்வொரு கையாக வெளியே வருகிறாள். வெண்குடை பிடித்த தெய்வம், சிதாதபத்ரா. தலைகள் அடுக்கடுக்காக, கைகள் விசிறி விரித்தாற்போல. பக்கத்துச் சுவர்களில் துணி சுற்றிய ஏடுகள். கண்காணித்துக்கொண்டு ஒரு வயதான துறவி உட்கார்ந்திருந்தார். சித்தப்பா "ஜூலே" சொன்னார். அவர் தலையசைத்துவிட்டு ஜபமாலையைத் தொடர்ந்தார். குடியிருந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், குலதெய்வம் மட்டும் இன்னும் இருக்கிறது.

மேல்தளத்தில் ஒரு மூலையில் வேலை நடந்துகொண்டிருந்தது. தளத்தின் ஓரம் திறந்திருந்ததால் உள்ளே என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்று குறுக்குவெட்டாகப் பார்க்க முடிந்தது. சித்தப்பா அங்கே மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். அடியில் பாப்ளர் மர உத்திரங்கள். அதன் மேல் குறுக்காக, கட்டைவிரல் தடிமனில் வில்லோக் குச்சிகள், நெருக்கமாக. தாலு என்கிறார்கள். அதன் மேல் ஒரு காட்டுச் செடி, யக்சஸ் என்று வேலையாள் சொன்னார். அதன் மேல் மண். கடைசியில் மர்க்கலக் என்கிற ஒட்டும் களிமண்ணைப் பிசைந்து அழுத்திப் பூசுகிறார்கள். தண்ணீர் பட்டால் அந்தக் களிமண் உப்பி, துளைகளை அடைத்துக்கொள்ளும்.

"நம்ம மெட்ராஸ் டெரஸ்தாம்மா இது. தேக்குச் சட்டத்துக்குப் பாப்ளர், செங்கல்லுக்குக் குச்சி, சுண்ணாம்புக்குக் களிமண். ஆனா நம்ம ஊர் மழையில இது ஒரு ஐப்பசி தாங்காது."

தாங்க வேண்டிய அவசியமும் இங்கே இல்லை. லேயில் ஒரு வருடத்துக்கே சுமார் 100 மில்லிமீட்டர் மழைதான். சென்னையில் ஒரு டிசம்பர் இரவில் அதைவிடக் கூடக் கொட்டும். பனி விழுந்தால் மாடி ஏறித் தள்ளிவிட்டால் போதும். மண் கூரையும் மண் சுவரும் நானூறு வருடம் நின்றதற்கு வறட்சிதான் காரணம். இப்போது மழையின் போக்கு மாறிக்கொண்டிருக்கிறது. 2010 ஆகஸ்ட் 5 இரவில் மேகம் வெடித்து இறங்கிய வெள்ளத்தில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சோக்லம்சர் பகுதி சேற்றில் புதைந்தது. அதற்குப் பிறகு மண் கூரையை நம்பப் பயந்து, தகரமும் கான்கிரீட்டும் போடுகிறவர்கள் கூடிவிட்டார்கள் என்றார் வேலையாள். அவர் வீட்டிலும் தகரம்தானாம். "குளிர்காலத்தில் எப்படி?" என்று கேட்டேன். கையைத் தேய்த்துக் காட்டிச் சிரித்தார்.

மாடியிலிருந்து தெற்கே பார்த்தால் பாப்ளர் மரங்கள், விமான ஓடுதளம், சிந்து நதிப் பள்ளத்தாக்கு, அதற்கும் அப்பால் ஸ்தோக் காங்ரியின் பனி. மேற்கே சாந்தி ஸ்தூபி. காலடியில் பழைய ஊரின் தட்டைக் கூரைகள். ஒவ்வொரு கூரையிலும் ஏதோ காய்கிறது. இங்கே நின்று பார்த்தால் ராஜாவுக்கு யார் வருகிறார்கள், எத்தனை குதிரையோடு வருகிறார்கள், என்ன சுமை என்று எல்லாமே தெரிந்திருக்கும். தெரிந்தாக வேண்டும். மத்திய ஆசியாவின் யார்க்கந்திலிருந்தும் திபெத்திலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் வரும் வியாபாரச் சரக்குதான் இந்த ராஜ்ஜியத்தின் வருமானம். வயல் இருப்பது ஆற்றங்கரையில் ஒரு கீற்று மட்டும்.

இன்னொன்று. லே அரண்மனையை "குட்டிப் பொத்தாலா" என்று எங்கு பார்த்தாலும் எழுதி வைத்திருக்கிறார்கள், திபெத்தின் லாசாவில் இருக்கும் தலாய் லாமாவின் பொத்தாலா அரண்மனையைப் பார்த்துக் கட்டியது போல. ஐந்தாவது தலாய் லாமா இன்றைய பொத்தாலாவைக் கட்டத் தொடங்கியது 1645இல். செங்கே நம்கியால் 1642இலேயே ஹன்லேயில் இறந்துவிட்டார். மூத்தது இது. பார்த்துக் கட்டினார்கள் என்றால் யார் யாரைப் பார்த்து என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். மலை மேல் சாய்சுவர் வைத்து அடுக்கடுக்காகக் கட்டுவது இந்தப் பக்கத்து ஜனங்களின் பொதுச் சொத்து என்று விட்டுவிடுவது நல்லது.

கட்டியவர் ஒரு பல்தி கொத்தனார் என்றும், இதைப் போல இன்னொன்று கட்டக் கூடாது என்று ராஜா அவர் கையை வெட்டிவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. தாஜ்மகாலுக்கும் இதே கதை சொல்வார்கள். உலகத்தில் எந்தப் பெரிய கட்டடத்துக்கும் கொத்தனாரின் கை தப்பாது போலிருக்கிறது. "கையை வெட்டினா மராமத்து யார் பார்ப்பா?" என்றார் சித்தப்பா. அதற்குப் பிறகு அந்தக் கதையை நான் நம்பவில்லை.

மேலே த்செமோ கோட்டை வரை ஏறத் தெம்பில்லை. தாஷி நம்கியால் 16ஆம் நூற்றாண்டில் கட்டியது. கீழேயிருந்தே கும்பிடு போட்டுவிட்டு இறங்கினோம். ராத்திரி துக்பா என்கிற நூடுல்ஸ் சூப், நல்ல சூடு.

செவ்வாய்

வண்டி வைத்துக்கொண்டு சிந்துவைத் தாண்டி ஸ்தோக் போனோம். லேயிலிருந்து 15 கிலோமீட்டர் இருக்கும். ஓட்டுநர் லடாக்கிக்காரர், ஐம்பது வயது சொல்லலாம். சித்தப்பாவை "மேமே" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். தாத்தா என்று அர்த்தமாம். சித்தப்பாவுக்கு அது முழுச் சம்மதமில்லை.

லே அரண்மனை ஏன் காலி என்பதற்குப் பதில் ஸ்தோக்கில் இருக்கிறது. 1834இல் ஜம்முவின் குலாப் சிங்குடைய தளபதி ஜோராவர் சிங், டோக்ரா படையோடு லடாக்கில் நுழைந்தார். அப்போது ராஜா த்செபல் நம்கியால். தோற்றார், கப்பம் கட்டினார், மீறிப் பார்த்தார், மறுபடி தோற்றார். ராஜ்ஜியம் போயிற்று. ஜோராவர் சிங் அதோடு நிற்காமல் 1841இல் திபெத்துக்குள் போய், கடுங்குளிரில் அங்கேயே கொல்லப்பட்டார். அந்த துணிச்சலில் லடாக்கிகள் எழுந்து, திபெத்தியர் துணையோடு லேயை முற்றுகையிட்டுப் பார்த்தார்கள். ஜம்முவிலிருந்து புதுப்படை வந்து அடக்கியது. 1842இல் உடன்படிக்கை. இந்தக் கலவரத்தில் பீரங்கி அடிபட்ட அரண்மனையில் அப்புறம் அரச குடும்பம் வாழவில்லை. சிந்துவின் இந்தக் கரையில், 1820 வாக்கில் த்செபல் நம்கியாலே கட்டி வைத்திருந்த ஸ்தோக் அரண்மனைக்குப் பெட்டி படுக்கையோடு வந்துவிட்டார்கள். இன்றும் அந்தக் குடும்பத்துக்கு அதுதான் வீடு. ஒரு பகுதியை அருங்காட்சியகமாகவும் ஒரு பகுதியைத் தங்கும் விடுதியாகவும் வைத்திருக்கிறார்கள்.

லேயோடு ஒப்பிட்டால் இது ஒரு பெரிய பண்ணை வீடு மாதிரிதான். சுற்றிலும் பார்லி வயல்கள். அறுப்பு முடிந்து களத்தில் கதிர் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நடு முளையில் கட்டிய மாடுகள் வட்டமாகச் சுற்ற, பின்னால் ஒரு பையன் பாடிக்கொண்டே போகிறான். சித்தப்பா அரண்மனையை மறந்து கால் மணி நேரம் களத்திலேயே நின்றுவிட்டார்.

அருங்காட்சியகத்துக்குள் படம் எடுக்கக் கூடாது. எனக்கு அது நல்லதாகப் போயிற்று, கண்ணால் பார்த்தேன். ராணியின் பெராக் அங்கே இருக்கிறது. நெற்றியில் ஆரம்பித்துத் தலைக்கு மேலாகப் போய் முதுகு வரை தொங்கும் தோல்பட்டை. அதில் வரிசை வரிசையாகப் பச்சை நீலப் பெரோசாக் கற்கள், இடையில் பவளம், வெள்ளித் தாயத்து. காதுப் பக்கம் கறுப்பு ஆட்டுத்தோல் இறக்கை மாதிரி விரிந்து நிற்கிறது. சாதாரண வீட்டுப் பெண்களும் பெராக் வைத்திருப்பார்கள். அம்மாவிடமிருந்து மூத்த மகளுக்குப் போகும். எத்தனை வரிசைக் கல் என்பதில்தான் அந்தஸ்து. ராணியுடையதில் நெற்றிப் பக்கத்துக் கற்கள் ஒவ்வொன்றும் புளியங்கொட்டையைவிடப் பெரியவை, ஒழுங்கில்லாமல், சில வெடிப்போடு. வழவழப்பாக்கிச் சீர்செய்யவே இல்லை. அப்படியே தைத்திருக்கிறார்கள். நூல் தெரிகிறது. இரண்டு இடத்தில் கல் விழுந்து பள்ளமாக இருக்கிறது.

அப்புறம் ராஜாவின் அங்கிகள், தேநீர்ப் பாத்திரங்கள், பழைய தங்காக்கள் என்கிற துணி ஓவியங்கள், கேடயங்கள். கத்தியின் அலகையே முடிச்சுப் போட்ட மாதிரி வளைத்த ஒரு வாள். தாஷி நம்கியால் வெறும் கையால் முறுக்கினாராம். நேற்று காலி அறைகளில் நான் தேடியதெல்லாம் இங்கே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. லேயை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் பாதி வீட்டைத்தான் பார்த்ததாகக் கணக்கு. நான் சொல்லுவேன், லேயில் ஏறி இறங்கிய மறுநாளே ஸ்தோக் போய்விடுங்கள். அறையின் அளவு கண்ணில் இருக்கும்போதே சாமானையும் பார்த்தால்தான் இரண்டும் ஒட்டும்.

திரும்பும் வழியில் ஷே. லேக்கு முன்னால் ராஜாக்கள் இருந்த இடம், பிறகும் கோடைக்கால அரண்மனை. கட்டடம் பெரும்பாலும் சிதிலம். ஆனால் கோயிலில் தெல்தன் நம்கியால் தன் தகப்பன் செங்கேயின் நினைவாக வைத்த சாக்கியமுனி இருக்கிறார். செம்புத் தகட்டில் பொன் பூசியது, 12 மீட்டர். மேல்மாடியில் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்ப் பாதத்தைப் பார்க்க வேண்டும். மகன் அப்பாவுக்குச் செய்த காரியம் இது. லே பஜாரில் பார்த்த மசூதி எழுந்ததும் இவர் காலத்தில்தான். அதே தெல்தன்தான்.

புதன்

பாஸ்கோ. லேயிலிருந்து மேற்கே 40 கிலோமீட்டர். வழியில் நிம்முவில் ஜான்ஸ்கர் ஆறு சிந்துவில் கலக்கிறது. எல்லோரையும் போல நிறுத்திப் படம் எடுத்தோம்.

பாஸ்கோ கோட்டை, மண் தானாகவே குன்றாகி அதிலிருந்து கோட்டையாகி மறுபடி குன்றாகிக்கொண்டிருப்பது போலிருக்கிறது. 1679இல் திபெத்தும் மங்கோலியரும் படையெடுத்தபோது லடாக் ராஜா இதற்குள்தான் பதுங்கினார். ஏறக்குறைய மூன்று வருட முற்றுகை. கடைசியில் காஷ்மீரிலிருந்து முகலாயப் படை வந்து 1683இல் மீட்டது. சும்மா வரவில்லை. பஷ்மினா கம்பளி முழுவதும் காஷ்மீருக்குத்தான் போக வேண்டும் என்று 1684 திங்மோஸ்காங் உடன்படிக்கையில் எழுதிவிட்டார்கள். செங்கே சேர்த்த மேற்குத் திபெத்தின் பெரும்பகுதியும் கைவிட்டுப் போனது. ஆடு இங்கே, குளிர் இங்கே, மயிர் இங்கே. காஷ்மீர்ச் சால்வை என்ற பெயர் மட்டும் அங்கே.

கோட்டைக்குள் மைத்ரேயர், அதாவது வரப்போகும் புத்தர், கோயிலை ஊர்க்காரர்களே முன்னின்று காப்பாற்றியிருக்கிறார்கள். 2007இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதில் முதலிடம் கிடைத்தது. பூசாரி கதவைத் திறந்துவிட்டு, நாங்கள் பார்த்து முடிக்கும் வரை வாசலில் உட்கார்ந்து செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழன்

நாளை காலை விமானம். இன்று ஊருக்குள்ளேயே ஒரு வேலை பாக்கி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அரச வரலாற்றேடு என்று சொன்னேன். இந்த ஏட்டை முதலில் ஆங்கிலத்தில் பெயர்க்க ஆரம்பித்தவர் பெயர் கார்ல் மார்க்ஸ். அவர் இல்லை, வேறொருவர். மொராவியன் சபை என்கிற கிறிஸ்தவ மிஷனின் மருத்துவர். அந்தச் சபை 1885இல் லேயில் இறங்கியது, மார்க்ஸ் அடுத்த வருடம் வந்தார். பகலில் வைத்தியம், மிச்ச நேரத்தில் திபெத்திய ஏடு. 1891இல் இங்கேயே காய்ச்சலில் இறந்தார். செங்கேயின் அம்மா கதையும் சிங்கக் கனவும் நம் கைக்கு வந்து சேர்ந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. மூலதனத்தைப் பற்றி எழுதியவர் லே வந்திருந்தால் கம்பளி உடன்படிக்கையைப் பற்றி நாலு அத்தியாயம் எழுதியிருப்பார்.

மொராவியன் கல்லறைத் தோட்டம் பூட்டிக் கிடந்தது. பக்கத்தில் விசாரித்து, சாவி வைத்திருப்பவரைப் பிடித்து, உள்ளே போனோம். பாப்ளர் சருகு கணுக்கால் வரை. அங்கே ஒரு கல்தூண், இந்திய அரசு எழுப்பியது. பெயரைப் படித்ததும் சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொராவியாவில் பிறந்தவர், 1862இல் கல்கத்தாவுக்கு வந்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர். யார்க்கந்துக்குப் போன தூதுக்குழுவோடு போய்விட்டுத் திரும்பும்போது, காரகோரம் கணவாயைத் தாண்டிய பின் தலைவலியும் மூச்சுத்திணறலும் கண்டு 1874 ஜூன் 19இல் இறந்தார். வயது 36. விமான நிலையத்து ஒலிபெருக்கி எச்சரிக்கிற அதே உயர நோய்தான் என்று இன்றைய வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

அரியலூர், உட்டத்தூர்ப் பக்கம் சுண்ணாம்புக் கல்லில் கிடைக்கும் அம்மோனைட், நத்தை, சிப்பிப் படிமங்களை வகை பிரித்து, பெயர் வைத்து, படத்தோடு நாலு பெரிய தொகுதியாக எழுதியவர் இவர்தான். திருச்சி ஜில்லாவின் கடல் ஜந்துக்களை உலகத்துக்குச் சொன்னவர்.

"உட்டத்தூர்ல ரெண்டு வருஷம் ரோடு ஓவர்சியரா இருந்தேன்" என்றார் சித்தப்பா. "ஜல்லி உடைக்கும்போது சுருள் சுருளா வரும். நத்தைக் கல்லுன்னு பசங்க பொறுக்கிட்டுப் போவானுங்க. இவரு பேரை ஒருத்தரும் சொன்னதில்லையே."

சாவிக்காரர் மணியைப் பார்த்தார். அவருக்கு "ஜூலே" சொல்லிவிட்டுப் பஜாருக்குப் போய் ஆப்ரிகாட் வாங்கினோம். கிலோ சொன்ன விலைக்கு சித்தப்பா பேரம் பேசவே இல்லை. யோசனையெல்லாம் உட்டத்தூரில் இருந்தது. ஊருக்குப் போனதும் வருகிற வார இறுதியிலேயே ஓடைப் பக்கம் போய் வரலாம், பஸ் எத்தனை மணிக்கு என்று இப்போதே யாருக்கோ போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.